மெய்நிகர் டிசெக்‌ஷன் மூலம் உடற்கூற்றியல் கற்பித்தல்: கற்பிப்போருக்கான ஒரு வழிகாட்டி

உடற்கூற்றியல் பிரிவில் மெய்நிகர் டிசெக்‌ஷனுக்காக, அதாவது மனித உடலைக் கத்தியின்றித் திரையிலேயே வெட்டிப் படிப்பதற்காக, ஒரு பெரிய தொடுதிரையை நிறுவிவிட்டால் மாணவர்கள் அதைத் தொட்டுத் திருப்பித் தாமாகவே கற்றுக்கொள்வார்கள் என்ற நம்பிக்கை பலரிடம் இருக்கிறது. திரையில் தோலை விலக்கினால் தசை தெரிகிறது, தசையை விலக்கினால் குருதிக்குழாய்களான நாடியும் நாளமும் தெரிகின்றன, எல்லாம் நிறம் பிரித்துப் பெயரிட்டுக் காட்டப்படுகின்றன. மாணவர் அதை வியந்து பார்க்கிறார். ஆனால் சதையிக்கு (கணையத்துக்கு) பின்னால் என்ன செல்கிறது என்று மறுநாள் கேட்டால் அவரிடமிருந்து விடை வருவதில்லை. திரை விடையை முதலிலேயே காட்டிவிடுவதால் அவர் தேட வேண்டிய தேவை ஏற்படவில்லை என்பதே இதற்குக் காரணம். ஆகவே இந்த வழிகாட்டி முழுவதும் ஒரே விதியைச் சுற்றியே அமைகிறது: மாணவர் முதலில் சொல்ல வேண்டும், அதன் பிறகுதான் திரையில் வெட்ட வேண்டும். எந்தக் கருவியை வாங்குவது, எந்தப் பாடத்தைத் தெரிவது, எப்படிப் பரீட்சை வைப்பது என்பவை எல்லாம் இந்த விதியிலிருந்தே பிறக்கின்றன.

திரையில் இருப்பது எந்த உடல் என்பதை அறிந்துகொள்ளுங்கள்

மெய்நிகர் டிசெக்‌ஷன் என்று நாம் பொதுவாகச் சொல்வது இரண்டு வேறுபட்ட பொருள்களைக் குறிக்கிறது. ஒன்று, ஓவியர்களும் உடற்கூற்றியலாளர்களும் சேர்ந்து கணினியில் வரைந்த முப்பரிமாண மாதிரி. மற்றையது, உண்மையான மனித உடலிலிருந்து பெறப்பட்ட படங்களை அடுக்கி உருவாக்கியது. முதலாவது வகையில் ஒவ்வொரு நரம்பும் பளிச்சென்ற மஞ்சள் நிறத்தில், பாடநூல் சொல்லும் இடத்தில், பாடநூல் சொல்லும் கிளைகளுடன் இருக்கும். தொடக்க மாணவருக்கு அது நல்ல வரைபடம். ஆனால் சத்திரசிகிச்சைக் கூடத்தில் அவர் காணப்போகும் உடல் அப்படி இருக்காது என்பதை முதல் வகுப்பிலேயே சொல்லிவிட வேண்டும்.

இரண்டாவது வகைக்கு அடித்தளமாக அமைந்தது அமெரிக்கத் தேசிய மருத்துவ நூலகத்தின் விசிபிள் ஹியூமன் திட்டம். 1993இல் டெக்சஸ் மாநிலத்தில் மரண தண்டனை நிறைவேற்றப்பட்ட ஒரு கைதி தம் உடலைத் தானமாகக் கொடுத்திருந்தார். அந்த உடல் உறையவைக்கப்பட்டு, ஒரு மில்லிமீற்றர் இடைவெளியில் சீவப்பட்டு, ஒவ்வொரு சீவலின் பின்பும் ஒளிப்படம் எடுக்கப்பட்டது. 1871 குறுக்குவெட்டுப் படங்கள் கொண்ட அந்தத் தொகுப்பு 1994இல் வெளியானது. அடுத்த ஆண்டு வெளியான பெண் உடலின் தொகுப்பில் இடைவெளி 0.33 மில்லிமீற்றராகக் குறைக்கப்பட்டதால் படங்கள் ஐயாயிரத்தைத் தாண்டின. இத்தொகுப்புகளை இன்று எவரும் கட்டணமின்றிப் பெறலாம்.

இவற்றின் குறைகளையும் கற்பிப்பவர் அறிந்திருக்க வேண்டும். உறைந்த உடலில் நரம்புகளும் கொழுப்பும் ஏறக்குறைய ஒரே நிறத்தில் தெரிவதால் நரம்பைப் பிரித்தறிவது கடினம். சிறிய குருதிக்குழாய்கள் பல சுருங்கிவிட்டன. அந்த ஆணின் குடல்வளரி (அப்பென்டிக்ஸ்) முன்னரே சத்திரசிகிச்சை மூலம் அகற்றப்பட்டிருந்தது. அதைத் தேடச் சொல்லி மாணவரை அனுப்பினால் அவர் வெறுங்கையோடுதான் திரும்புவார். வணிகக் கருவிகள் இத்தகைய தரவுகளின்மேல் நிறமும் பெயரும் ஏற்றித் தருவதால், எது படத்தில் உண்மையாகவே இருந்தது, எது பின்னர் வரைந்து சேர்க்கப்பட்டது என்பது மாணவருக்குத் தெரிவதில்லை. கருவியை வாங்குவதற்கு முன் விற்பனையாளரிடம் கேட்க வேண்டிய முதற்கேள்வி இதுதான்.

எதைக் கொண்டு தொடங்குவது

ஆளளவு உயரமுள்ள, தொடுதிரையோடு கூடிய மெய்நிகர் டிசெக்‌ஷன் மேசை இருந்தால் நல்லது. இல்லாவிட்டாலும் பாடம் நடக்கும். யாழ்ப்பாணத்து மானிப்பாயில் அமெரிக்க மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன் நம் இளைஞர்களுக்கு மேலைநாட்டு மருத்துவத்தைத் தமிழிலேயே படிப்பித்த 19ஆம் நூற்றாண்டிலும், 1978இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மருத்துவ பீடம் தொடங்கிய காலத்திலும், அதன்பின் வந்த போர்க்காலத்தின் தட்டுப்பாடுகளுக்கு நடுவிலும் இங்கே நல்ல மருத்துவர்கள் உருவானார்கள். கருவியின் விலை கற்பித்தலின் தரத்தைத் தீர்மானிப்பதில்லை.

ஒரு பெரிய தொலைக்காட்சித் திரை, ஓரளவு வலுவான வரைகலை அட்டையும் 16 ஜிகாபைட் நினைவகமும் கொண்ட ஒரு கணினி, இலவச மென்பொருள்கள் இரண்டு ஆகியவை போதும். வரைந்த மாதிரிக்கு இசட்-அனட்டமி என்ற திறந்த மென்பொருள் இருக்கிறது. உண்மையான சி.ரி., எம்.ஆர்.ஐ. ஸ்கான் படங்களை வெட்டிப் பார்க்க 3டி ஸ்லைசர், பிரேசிலில் உருவான இன்வெசாலியஸ் ஆகிய இரண்டில் ஒன்றைத் தெரிந்துகொள்ளலாம். 3டி ஸ்லைசரில் மார்பு, இருதயம், தலை ஆகியவற்றின் மாதிரித் தரவுகள் கிடைக்கின்றன. அவற்றை இணையத்திலிருந்து இறக்க வேண்டியிருப்பதால் வகுப்பு நேரத்துக்கு விட்டுவைக்காமல் முதல் நாளே இறக்கி வைத்துவிடுங்கள். அதே காரணத்தால், எப்போதும் இணையத் தொடர்பு தேவைப்படும் சந்தா மென்பொருளை மட்டும் நம்பியிருப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன். 2022இன் நீண்ட மின்வெட்டுகளை அனுபவித்த நமக்கு யு.பி.எஸ். பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. கணினியையும் திரையையும் சேர்த்தே அதில் இணையுங்கள்.

உள்ளூர் நோயாளரின் ஸ்கான் படங்களைப் பயன்படுத்த விரும்பினால் மிகுந்த கவனம் வேண்டும். நெறிமுறைக் குழுவின் அனுமதியும் நோயாளரின் சம்மதமும் முதலில் வர வேண்டும். ஸ்கான் படங்கள் சேமிக்கப்படும் டைகொம் கோப்பின் தலைப்பகுதியில் பெயர், பிறந்த திகதி, வைத்தியசாலை இலக்கம் ஆகியவை பதிந்திருக்கும். அவற்றை நீக்கிய பின்னரும் சில வேளைகளில் படத்தின் மூலையிலேயே பெயர் அச்சாகியிருக்கும். தலையின் சி.ரி. படத்திலிருந்து முகத்தை முப்பரிமாணத்தில் மீட்டெடுக்க முடியும் என்பதால் முகப்பகுதியையும் அழித்துவிட வேண்டும். ஒருவரையொருவர் அறிந்த சிறிய சமூகம் நம்முடையது. பெயர் இல்லாவிட்டாலும், இன்ன ஊர், இன்ன வயது, இன்ன நோய் என்று சொன்னாலே ஆள் யாரென்று தெரிந்துவிடும். ஆகவே வகுப்பில் ஊரின் பெயரைக்கூடச் சொல்ல வேண்டாம்.

படங்களைத் தெரியும்போது சீவலின் தடிப்பைப் பாருங்கள். ஐந்து மில்லிமீற்றர் தடிப்புள்ள சீவல்களிலிருந்து எழுப்பிய உருவம் படிக்கட்டுப்போல உடைந்து தெரியும். ஒரு மில்லிமீற்றரோ அதற்குக் குறைவோ இருந்தால்தான் குழாய்களைப் பின்தொடர முடியும். நாடிகளைக் கற்பிக்க, நிறமூட்டும் மருந்து ஏற்றி ஏறக்குறைய 30 செக்கன்களில் எடுத்த படம் வேண்டும். குடலிலிருந்து ஈரலுக்குக் குருதி கொண்டுசெல்லும் ஈரல் வாயினாளத்தைக் கற்பிக்க ஏறக்குறைய 70 செக்கன்களில் எடுத்தது வேண்டும். இந்த நேர வேறுபாட்டுக்கான காரணத்தை மாணவரிடமே கேட்டால், குருதிச் சுற்றோட்டமும் அதே வகுப்பில் மீட்டப்பட்டுவிடும்.

திரைக்கு உரிய பாடமும் உண்மையான உடல் கிடத்தப்பட்ட மேசைக்கு உரிய பாடமும்

எல்லாப் பாடமும் திரைக்குப் பொருந்தாது. நுரையீரலின் துண்டங்கள், ஈரலின் எட்டுத் துண்டங்கள், மூளையின் அறைகள், மூளையின் அடியில் நாடிகள் கூடும் வில்லிஸ் வட்டம், முகத்துக்குள் ஆழப் புதைந்திருக்கும் டெரிகோபலட்டைன் குழி போன்றவை திரைக்கு மிகவும் ஏற்றவை. இவை ஒன்றில் உறுப்பின் உள்ளே மறைந்திருப்பவை, அல்லது கத்தி வைத்தால் சிதைந்துபோகும் இடங்கள். உண்மையான உடலில் எவ்வளவு திறமையாக வெட்டினாலும், ஒரு மாணவர் குழு இவற்றை முழுதாகக் காண்பது அரிது.

மாறாக, தொடையிடுக்கில் உள்ள இங்குயினல் கால்வாயைத் திரையில் மட்டும் கற்பிப்பதை நான் ஏற்கமாட்டேன். ஏறத்தாழ நான்கு சென்ரிமீற்றர் நீளமான அந்தச் சாய்ந்த வழியின் சுவர்கள் பேசியா என்ற மெல்லிய உறையாலும் தசைநார் விரிப்புகளாலும் ஆனவை. சி.ரி. படத்தில் அந்தப் படைகள் ஒன்றிலிருந்து ஒன்று பிரிந்து தெரிவதில்லை. திரையில் தெளிவாகத் தெரிந்தால் அது யாரோ வரைந்து சேர்த்தது. படைகளை விரலால் விலக்கி, மேலோட்டமான வளையத்துக்குள் விரல் நுனியை வைத்துப் பார்த்த மாணவருக்கே ஹேர்னியா (குடலிறக்க) நோயாளரைப் பரிசோதிக்கும்போது கை எதைத் தேட வேண்டும் என்பது விளங்கும். தோல் நரம்புகள், பேசியாத் தளங்கள், இழையங்களின் உறுதியும் நெகிழ்வும் ஆகியவை அனைத்தும் தானம் செய்யப்பட்ட உடலின் முன் நின்றே கற்க வேண்டியவை.

ஒரு வகுப்பை நடத்தும் முறை

விதி நடைமுறையில் எப்படி இயங்குகிறது என்பதைக் காட்ட ஒரு வகுப்பை முழுமையாக விவரிக்கிறேன். பாடம் ட்ரான்ஸ்பைலோரிக் தளம், அதாவது வயிற்றின் மேற்பகுதியைக் குறுக்கே வெட்டும் ஒரு கற்பனைத் தளம்; மாணவர் எட்டுப் பேர்; நேரம் ஒரு மணித்தியாலம்.

திரையை அணைத்து வைத்தே தொடங்குங்கள். மாணவர் ஒவ்வொருவரும் தம் கழுத்தின் அடியில் உள்ள பள்ளத்தையும் அடிவயிற்றின் கீழ் எல்லையிலுள்ள பூப்பென்பு இணைப்பின் மேல் விளிம்பையும் தொட்டறிந்து, இரண்டுக்கும் நடுவே விரலை வைக்கட்டும். அந்தக் கிடைத்தளம் முதலாவது நாரி (இடுப்புப் பகுதி) முள்ளந்தண்டென்பின் கீழ் விளிம்பை ஒட்டிச் செல்கிறது. பின்னர் ஆளுக்கொரு தாளைக் கொடுத்து, அந்த மட்டத்தில் உடலைக் குறுக்கே வெட்டினால் தெரியும் முகத்தை வரையச் சொல்லுங்கள். ஒரு நீள்வட்டம், பின்னால் முள்ளந்தண்டென்பு. மீதி எல்லாம் அவர்களின் நினைவிலிருந்து வர வேண்டும். இதற்குப் பத்து நிமிடங்கள் கொடுக்கலாம். பக்கத்தில் இருப்பவரின் தாளைப் பார்த்தால் தடுக்க வேண்டாம், ஆனால் ஒவ்வொருவரும் ஏதாவது வரைந்தே ஆக வேண்டும்.

வரைந்து முடிந்ததும், படத்தை எந்தப் பக்கத்திலிருந்து பார்க்கிறோம் என்று கேளுங்கள். மாணவர் மிக அதிகமாகத் தடுமாறும் இடம் இதுதான். மல்லாந்து படுத்திருப்பவரின் கால்மாட்டில் நின்று, றாத்தல் பாணின் வெட்டுமுகத்தைப் பார்ப்பதுபோல் மேல்நோக்கிப் பார்ப்பதே சி.ரி. படத்தின் மரபு. ஆகையால் நோயாளரின் வலப்பக்கம் நம் இடப்பக்கத்தில் வரும். ஈரல் திரையின் இடப்பக்கத்தில் இருக்கும். பாதிப் பேராவது ஈரலைத் தாளின் வலப்பக்கத்தில் வரைந்திருப்பார்கள். அழித்து மீண்டும் வரையச் சொல்லாமல், தாளில் வலம், இடம் என்று எழுதி வைத்துக்கொள்ளச் சொன்னால் போதும். ஒப்பிடும்போது அவர்களே திருத்திக்கொள்வார்கள்.

இப்போது திரையை ஏற்றி, பெயர்ச்சீட்டுகள் அனைத்தையும் மறைத்துவிடுங்கள். 3டி ஸ்லைசரில் குறுக்குவெட்டுச் சாளரம் சிவப்புப் பட்டியோடும், பக்கவெட்டு மஞ்சளோடும், முன்வெட்டு பச்சையோடும் தோன்றும். ஒரு மாணவர் சிவப்புச் சாளரத்தை முதலாம் நாரி மட்டத்துக்குக் கொண்டுவரட்டும். மற்றவர்கள் தாளில் வரைந்த ஒவ்வொன்றையும் திரையில் தேடிச் சுட்டிக்காட்டட்டும். சதையியின் கழுத்து, இரைப்பையின் வெளிவாயிலான பைலோரஸ், பித்தப்பையின் அடிப்பகுதி, சிறுநீரகங்களின் வாயில்கள், குடலுக்குக் குருதி கொண்டுசெல்லும் மேல் மெசென்ரெறிக் நாடி பெருநாடியிலிருந்து புறப்படும் இடம், முள்ளந்தண்டு வடத்தின் முடிவு ஆகியவற்றைப் பாடநூல் இந்தத் தளத்தில் அடுக்குகிறது.

எல்லாம் ஒரே படத்தில் அகப்படாது. அது வகுப்பின் தோல்வி என்று எண்ண வேண்டாம். இந்தப் பாடத்தின் மிகப் பயனுள்ள பகுதி இதுவே. பைலோரஸ் ஏன் இரண்டு சென்ரிமீற்றர் கீழே இருக்கிறது என்று கேளுங்கள். சி.ரி. எடுக்கும்போது நோயாளர் மூச்சை உள்ளிழுத்து நிறுத்தியிருப்பார். உதரவிதானம் இறங்க, ஈரலும் சிறுநீரகங்களும் சேர்ந்து இறங்கும். அவர் எழுந்து நின்றால் இரைப்பை இன்னும் கீழே தொங்கும். பாடநூலின் மட்டங்கள் படுத்திருக்கும் உடலுக்கு உரிய பொதுக்கணக்கு என்பதையும், உயிருள்ளவரின் உறுப்புகள் மூச்சோடும் நிலையோடும் இடம்மாறுகின்றன என்பதையும், மாணவர் தம் தாளுக்கும் திரைக்கும் உள்ள வேறுபாட்டிலிருந்தே கண்டுகொள்வார். ஈரலின் விளிம்பைத் தேடி நோயாளரின் வயிற்றில் கைவைத்து, “மூச்சை நல்லா உள்ளுக்கு இழுங்கோ” என்று ஏன் சொல்கிறோம் என்பதும் அப்போது புரியும்.

அடுத்து ஒரு பொருளைப் பின்தொடரச் சொல்லுங்கள். மண்ணீரல் நாளம் சதையியின் பின்புறமாக இடமிருந்து வலம் செல்கிறது. சதையியின் கழுத்துக்குப் பின்னால் மேல் மெசென்ரெறிக் நாளத்துடன் கூடி ஈரல் வாயினாளமாகிறது. சீவல் சீவலாக மேலும் கீழும் நகர்த்தி அந்தச் சங்கமத்தை மாணவரே கண்டுபிடிக்க வேண்டும்; சுட்டியை நீங்கள் கையில் எடுக்க வேண்டாம். சற்றுக் கீழே வந்தால், பெருநாடிக்கும் மேல் மெசென்ரெறிக் நாடிக்கும் இடையிலுள்ள ஒடுங்கிய இடைவெளியில் இடச் சிறுநீரக நாளம் நசுங்கி நுழைந்து, அப்பால் கீழ்ப்பெருநாளத்தை அடைவது தெரியும். இதைத் தட்டையான படத்தில் ஆண்டுக்கணக்காகப் பார்த்தவர்கள்கூட, தாமே சீவல்களை நகர்த்தித் தொடரும்போதுதான் அதன் இறுக்கத்தை உணர்கிறார்கள்.

கடைசிப் பதினைந்து நிமிடங்களை ஒரு நோயாளருக்கு ஒதுக்குங்கள். சதையியின் தலையில் கட்டி வளர்ந்தால் முதலில் எது நெரிபடும்? பித்தக் கான் தலையின் பின்பக்கமாகச் செல்வதைத் திரையில் கண்ட மாணவர், கண்கள் மஞ்சளாகி வந்தவரின் நோயை அந்த இடத்தோடு பொருத்திப் பார்ப்பார். கட்டி மேல் மெசென்ரெறிக் குழாய்களைச் சுற்றிக்கொண்டால் சத்திரசிகிச்சை ஏன் கடினமாகிறது என்ற அடுத்த கேள்வியை அவர்களே கேட்பார்கள்.

ஒளிச்செறிவுச் சாளரங்கள்

சி.ரி. படத்தில் ஒவ்வொரு புள்ளிக்கும் ஹவுன்ஸ்ஃபீல்ட் அலகில் ஒரு எண் உண்டு: நீருக்கு 0, வளிக்கு -1000, கொழுப்புக்கு ஏறத்தாழ -100, அடர்ந்த என்புக்குப் பல நூறிலிருந்து ஆயிரத்துக்கு மேல். எந்த எண் வீச்சைத் திரையில் விரித்துக் காட்டுகிறோம் என்பதைப் பொறுத்து, அதே சீவலில் நுரையீரலோ மென்னிழையமோ என்போ தெளிவாகத் தெரியும். மாணவர் தாமே இந்த வீச்சை மாற்றி மாற்றிப் பார்க்க ஐந்து நிமிடங்கள் கொடுங்கள்; அதற்கு மேல் முதலாம் ஆண்டில் தேவையில்லை.

டிசெக்‌ஷன் அறையோடு இணைத்தல்

திரை வகுப்பைத் தனிப்பாடமாக வேறொரு நாளில் வைத்தால் இரண்டும் இரண்டு பாடங்களாகவே மாணவர் மனத்தில் தங்கிவிடும். டிசெக்‌ஷனுக்குச் செல்வதற்கு முன் இருபது நிமிடங்கள் திரையில் வழியைப் பார்ப்பதும், டிசெக்‌ஷன் முடிந்தபின் பத்து நிமிடங்கள் திரும்பி வந்து, மேசையில் கண்டது திரையில் கண்டதிலிருந்து எங்கே மாறுபட்டது என்று பேசுவதும் சிறந்த ஏற்பாடு. மேசையில் இருக்கும் உடலில் ஒரு நாடி வழக்கத்துக்கு மாறான இடத்திலிருந்து புறப்பட்டால், அதை உடனே மற்றக் குழுக்களையும் அழைத்துக் காட்டுங்கள். திரையில் உள்ள உடல் ஒவ்வோர் ஆண்டும் அதே உடல்தான். மேசையில் இருப்பவர் ஒவ்வொருவரும் புதியவர்.

திரையில் பிழையாக வெட்டினால் ஒரு பொத்தானை அழுத்தி மீட்டுக்கொள்ளலாம். அச்சமின்றி முயன்று பார்க்க இது உதவுகிறது. அதே வேளை கவனமின்மையையும் பழக்கிவிடுகிறது. இரண்டாவது முறை மீட்பதற்கு முன், என்ன வெட்டுப்பட்டது, உயிருள்ளவரில் அதன் விளைவு என்னவாயிருக்கும் என்று மாணவர் வாய்விட்டுச் சொல்ல வேண்டும் என ஒரு வழக்கத்தை ஏற்படுத்துங்கள்.

ஒரு திரையைச் சுற்றி எட்டுப் பேருக்கு மேல் நிற்கக்கூடாது. துணிந்த இருவர் தொட்டுக்கொண்டிருக்க மற்றவர்கள் பின்னால் நின்று பார்ப்பது எங்கும் நடப்பது. ஆகவே பத்து நிமிடத்துக்கு ஒருமுறை ஆளை மாற்றுங்கள். திரையைத் தொடுபவர் பேசக்கூடாது, பேசுபவர் தொடக்கூடாது என்று வைத்தால், சொல்பவர் திசைகளையும் உறவுகளையும் துல்லியமாகச் சொல்லப் பழகுவார். நம் பீடத்தில் தமிழ் மாணவர்களோடு சிங்கள, முஸ்லிம் மாணவர்களும் ஒரே குழுவில் நிற்பதால் குழுவின் பேச்சு எல்லோருக்கும் விளங்கும் மொழியில் இருக்க வேண்டும். தனியே தடுமாறுபவருக்குத் தமிழில் விளக்கிக் கொடுப்பதில் தவறேதும் இல்லை.

கைதடியில் சித்த மருத்துவம் பயில்வோருக்கும், தாதியர், இயன்மருத்துவம் போன்ற துறைகளில் பயில்வோருக்கும் டிசெக்‌ஷன் மேசையில் நேரம் கிடைப்பது அரிது. மருத்துவ மாணவர் பயன்படுத்தாத பிற்பகல்களில் அதே திரையையும் அதே தரவுகளையும் அவர்களுக்குத் திறந்துவிடுவது கூடுதல் செலவில்லாத நன்மை.

தானம் செய்தவர்களுக்கான மதிப்பு

உடல் தானம் செய்தவரின் குடும்பம், வழக்கமான ஈமக்கிரியைகளை உரிய காலத்தில் செய்ய முடியாத நிலையை ஏற்றுக்கொண்டே அந்த உடலை நம்மிடம் தருகிறது. அந்த மதிப்பை டிசெக்‌ஷன் அறையில் எல்லோரும் உணர்வார்கள். திரையின் முன் அது எளிதில் மறந்துபோகிறது. சிரிப்பும் கேலியும் எழுவதும், கைத்தொலைபேசியில் படம் எடுத்து அனுப்புவதும் அங்கேதான் நடக்கின்றன. திரையில் தெரிவதும் ஒரு மனிதரின் உடலே என்பதை முதல் வகுப்பில் தெளிவாகச் சொல்லி, டிசெக்‌ஷன் அறையில் உள்ள அதே ஒழுங்கை இங்கும் கடைப்பிடியுங்கள்: படம் எடுப்பதற்குத் தடை, உண்பதற்குத் தடை, தொடங்கும் முன் ஒரு நிமிட அமைதி.

பரீட்சை

திரையில் கற்றதைப் பெயர்ச்சீட்டு உள்ள படத்தில் சோதித்தால் எதுவும் தெரியவராது. பெயரில்லாத ஒரு சீவலைக் காட்டி, அம்புக்குறியிட்ட நாளத்தின் பெயரைக் கேளுங்கள். அதோடு அடுத்த மேல்சீவலில் அது எந்தப் பக்கம் நகர்ந்திருக்கும் என்றும் கேளுங்கள். மனப்பாடம் செய்தவருக்கு முதற்கேள்விக்கு விடை வரும். சீவல்களை நகர்த்திப் பழகியவருக்கே இரண்டாவதற்கு வரும். அதே கட்டமைப்பை டிசெக்‌ஷன் அறையில் உண்மையான உடலில் குண்டூசி குத்தி இன்னொரு கேள்வியாக வையுங்கள். இரண்டு விடைகளையும் அருகருகே வைத்துப் பார்த்தால், எந்த மாணவருக்குத் திரை மட்டும் தெரிகிறது, எந்தப் பகுதியை அடுத்த அணிக்கு மேசையில் கூடுதல் நேரம் கொடுத்துப் படிப்பிக்க வேண்டும் என்பது தெளிவாகும். அந்தக் குறிப்புகளைத் துறையின் பதிவேட்டில் எழுதி வைத்து, அடுத்த ஆண்டின் கால அட்டவணையை அதைப் பார்த்தே தயாரியுங்கள்.